சம்பந்தியம்மாளை முந்தப் பார்த்தேன்

மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய பின் வந்த முதல் பொங்கலுக்குள் என் தங்கையைக் குழந்தையோடு வீட்டுக்கு அழைத்து வந்துவிட வேண்டும் என்று நான் முடிவு கட்டியிருந்தேன். அவள் புருஷன் காய்ச்சலில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. காஜா பெராங்கில், கம்போங் செட்டி என்ற செட்டிக் குடியிருப்பில், அவன் பிறந்த வீட்டிலேயே அவள் தங்கிவிட்டாள். நான் போய்ப் பார்க்கும்போதெல்லாம் ஒரு சுற்று இளைத்திருப்பாள். பேச்சும் குறைந்துகொண்டே வந்தது. இப்படியே விட்டால் பெண் நமக்கு மிஞ்ச மாட்டாள் என்று எனக்குப் பயம்.

குறுக்கே நின்றவர் அவளுடைய மாமியார். செட்டி வீட்டு அம்மாள், தலைமுறைகளாக மலாய் பேசி வாழும் தமிழ் வம்சம். நெற்றி நிறைய விபூதி, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். தமிழில் சாமி பெயர்களைத் தவிர அதிகம் வராது. குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. "உன் தங்கை போகட்டும், நான் பிடித்து வைக்கவில்லை. பேரன் மட்டும் இந்த வீட்டுப் பிள்ளை" என்பார் மலாயில். கடைசியில் "சபார் லா", பொறுமையாக இரு என்று சொல்லி என் கையைத் தட்டிக்கொடுப்பார். பிள்ளையை விட்டுவிட்டு அவள் வரமாட்டாள் என்பது அந்த அம்மாளுக்குத் தெரியாதா என்ன?

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. எதிராளி என்ன செய்வார் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற கர்வம் உண்டு. பண்டார் ஹிலிரில் எங்கள் வீட்டில் அப்பாவோடு 'தாம்' என்கிற பலகை ஆட்டம் ஆடினால் பெரும்பாலும் நான்தான் அவர் காய்களை வெட்டுவேன். இந்த அம்மாளா எனக்கு ஒரு பொருட்டு என்று நினைத்தேன்.

முதலில், அம்மாவுக்கு உடம்பு முடியவில்லை, பேரனைப் பார்க்க ஏங்குகிறாள் என்று ஆள் அனுப்புவதாகத் திட்டம். தங்கையிடம் மட்டும் முதல் நாளே சொல்லிவைத்தேன். ஆள் கிளம்புவதற்கு முன்பே சம்பந்தியம்மாள் கஞ்சித் தூக்கோடு எங்கள் வாசலில் வந்து நின்றார். முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அம்மா எழுந்து போய்ப் படுத்துக்கொள்ளக்கூட நேரமில்லை. அவர் கஞ்சியை ஊற்றி அம்மாவுக்குக் கொடுத்துவிட்டு, பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டார்.

அடுத்து, தங்கையிடம் சொல்லிவைத்துவிட்டு, அவர் சந்தைக்குப் போகும் காலை நேரமாகப் பார்த்துப் போனேன். கதவு திறந்திருந்தது. அவர் உள்ளே உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தார். மேசையில் காப்பி ஆவி பறக்க இருந்தது.

"உட்கார். உனக்குத்தான் போட்டேன்" என்றார்.

சர்க்கரை நான் குடிக்கும் அளவுக்குச் சரியாக இருந்தது. தங்கை அறை வாசலில் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். இந்த அம்மாளுக்குக் குட்டிச்சாத்தான் ஏதாவது காதில் ஓதுகிறதா என்று திரும்பி வரும் வழியெல்லாம் நினைத்தேன். சிரிக்காதீர்கள், அன்றைக்கு எனக்கு உண்மையாகவே அந்தச் சந்தேகம் இருந்தது.

மிச்சமிருந்தது போகி. அன்று அவர்கள் வீட்டில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள். பார்ச்சு என்று பெயர். பெரிய அறையில் வரிசையாக வாழையிலை போட்டு, யார் யாருக்கு எது பிடிக்குமோ அதையெல்லாம் வைத்து, விளக்கேற்றி, எல்லாரும் வெளியே வந்து கதவைச் சாத்திவிடுவார்கள். இறந்தவர்கள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று வெளியே காத்திருப்பார்கள். பிறகு வீட்டுக்குப் பெரியவர் கதவைத் தட்டித் திறப்பார். அதற்கு முன் யாரும் அதைத் தொடக்கூடாது.

எல்லார் கண்ணும் அந்தக் கதவில் இருக்கும் நேரம். தங்கை குழந்தையோடு பின்பக்கமாக வந்துவிடலாம். முக்கில் பெச்சா, அந்த மூன்று சக்கர சைக்கிள் வண்டி, நிற்கும். சொன்னபோது தங்கை, "சரிக்கா" என்று மட்டும் சொன்னாள்.

அன்று மத்தியானம் போனேன். சாம்பிராணிப் புகை வாசல்வரை வந்தது. கதவு சாத்தியாகிவிட்டது. உறவுக்காரர்கள் கைகட்டி நின்றார்கள். சம்பந்தியம்மாள் நகர்ந்து எனக்குத் தன் பக்கத்தில் இடம் விட்டார்.

"முக்கில் பெச்சாக்காரன் வெயிலில் காய்கிறானே. தண்ணீர் கொடுத்தனுப்பினேன், பரவாயில்லையா?" என்றார், கதவைப் பார்த்தபடியே.

தங்கையைத் தேடினேன். சுவரோரமாக நின்றிருந்தாள். இடுப்பில் குழந்தை இல்லை.

"பிள்ளை எங்கே?"

அப்போது சாத்திய கதவுக்குள்ளிருந்து குழந்தை சிணுங்கும் சத்தம் கேட்டது.

உள்ளே எரியும் விளக்குகள். தவழ்கிற பிள்ளை. நான் கதவை நோக்கிப் பாய்ந்தேன். சம்பந்தியம்மாள் என் மணிக்கட்டைப் பிடித்தார். கிழவியின் கையில் அவ்வளவு பலம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

"அப்பாவோடு இருக்கிறான்" என்றார்.

சிணுங்கல் நின்றது. ஒரு சத்தமும் இல்லை. பிறகு உள்ளே குழந்தை சிரித்தது, யாரோ கிச்சுக்கிச்சு மூட்டினால் சிரிக்குமே, அப்படி. உறவுக்காரர்களில் ஒருத்தி கையெடுத்துக் கும்பிட்டாள். என் தங்கை, அத்தனை மாதம் முகத்தில் சலனமே இல்லாமல் கிடந்தவள், புன்னகை செய்தாள்.

அம்மாள் கதவைத் தட்டித் திறந்தார். குழந்தை தன் அப்பாவின் இலைக்கு முன்னால் வாயெல்லாம் சோறாக உட்கார்ந்திருந்தான். ஒரு கீறல் இல்லை.

தங்கையைப் பின்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"பாவி! பச்சப் புள்ளய விளக்கோட உள்ள வச்சு அடைச்சுட்டாளே உன் மாமியா! இந்தக் கூட்டத்துல ஒரு நிமிசம் இருக்கக்கூடாது, கெளம்பு."

"மாக் இல்லக்கா. நான்தான் உள்ள படுக்க வச்சேன்."

மாமியாரை அவள் மாக், அம்மா என்றுதான் கூப்பிடுவாள்.

"கஞ்சி, காப்பி, பெச்சா, எல்லாம் நான்தான் மாக்கிட்ட சொன்னேன். உன்கிட்ட வரலைன்னு சொல்ல வாய் வரல. நீ அவ்வளவு ஓடியாடுற." அவள் குரலில் கோபம் இல்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

"ஏண்டி? இங்க இருந்து செத்துப்போகவா?"

அவள் முந்தானையால் என் முகத்து வியர்வையைத் துடைத்தாள். "நான் நம்ம வீட்டுக்கு வந்துட்டா, அங்க அவருக்கு யாருக்கா இலை போடுவா?"

எங்கள் வழக்கத்தில் செத்த மருமகனுக்குப் பெண் வீட்டில் இலை போடுவதில்லை. எனக்குப் பதில் தெரிந்திருந்தது. அவளுக்கும் தெரிந்திருந்தது.