ஈசல் கிளம்பிய மத்தியானம்

அமெரிக்காவிலிருந்து வந்த மச்சான், இறகால் செய்த பொய்ப்பூச்சியைக் காட்டி மீன் பிடிக்கும் தூண்டில் ஒன்றை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். பேரையூர்ப் பக்கம் ஒரு கண்மாயில் கோடை முழுக்க வீசினேன். மாட்டியது என் சட்டைக் காலர்தான்.

ஒரு நாள் மத்தியானம் மழை பெய்து ஓய்ந்ததும் ஈசல் கிளம்பியது. தண்ணீரில் விழுந்த ஈசலைத் தின்னத் துள்ளிய ஜிலேபி மீன்கள், என் பொய்ப்பூச்சியையும் நம்பி அடுத்தடுத்து மாட்டின.

பெருமையோடு கரையைத் திரும்பிப் பார்த்தேன். பாழாய்ப்போன ஜனம், ஒருவர்கூட என்னைக் கவனிக்கவில்லை. எல்லோரும் சட்டியோடு ஈசல் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஒரு பெண் மட்டும் அருகில் வந்தார். “வறுத்துத் திங்க ஈசலு இம்புட்டுக் கிடக்கு, மீனுக்குப் போயி நிக்கிறீகளேண்ணே!” என்று பரிதாபப்பட்டு ஒரு கை அள்ளித் தந்தார்.

பதிலுக்கு நான்கு மீன்களை நீட்டினேன்.

“வேணாம்ணே. அதைத்தான தினமும் திங்கிறோம்.”