மதிலோரக் காறல்

போன வாரம் மனைவி திடீரென்று கேட்டாள். "இஞ்சருங்க, பக்கத்து வீட்டு ஸ்டெல்லாவோட உங்களுக்கு என்ன கோபம்?"

கோபமா? எனக்கா?

"அவ தண்ணி அள்ளக்க மதிலடியில நிண்டு காறித் துப்புறீங்களாம். ரெண்டு கிழமையா கிணத்தடிக்கு வாறதையே விட்டுட்டா."

விஷயம் கொஞ்சம் அசிங்கமானது. சாப்பிட்டுக்கொண்டே வாசிப்பவர்கள் பத்திரிகையை மடித்து வைத்துவிடலாம்... இரண்டு வருடமாக என் தொண்டையில் சளி. கொத்தமல்லி அவித்துக் குடித்தேன். ஆவி பிடித்தேன். ஏறாவூர்ப் பரியாரி தந்த சூரணத்தைத் தேனில் குழைத்து நக்கினேன். கடைசியில் கிளினிக்கில் டொக்டர், "மூக்குச் சளிதான் தொண்டைக்குள்ள இறங்குது. காலையில உப்புத் தண்ணி கொப்பளியுங்க" என்றார். கொப்பளிக்கிறேன். ஆறு மணிக்கு, மதிலோர வாழையடியில், தெருவுக்கே கேட்கும்படி!

மதிலுக்கு அந்தப் பக்கம்தான் ஸ்டெல்லாவின் கிணறு. போன மாதம் அவள் மகள், வீட்டில் பேசிவைத்த சம்பந்தத்தை விட்டுவிட்டு, விரும்பியவனோடு போய்விட்டாள். அப்படியொரு வீட்டுப் பக்கம் பார்த்துக் காறித் துப்பினால் என்ன அர்த்தம்? நம் ஆட்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன் நான். வெட்கத்தில் உடம்பே கூசிப்போனது.

அன்று பின்னேரமே கிளினிக் கொப்பியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். ஆம், சாட்சிக்குத்தான்! டொக்டர் எழுதியதை விரல் வைத்துக் காட்டினேன். ஸ்டெல்லா கொப்பியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சிரித்தாள். சிரிக்கும்போதே கண் கலங்கிவிட்டது.

"சளியா சேர்? ஊரெல்லாம் என்ட பிள்ளையப் பத்தித்தான் கதை. நீங்களும் அவங்களோட சேந்துட்டீங்க எண்டு நினைச்சிட்டன். மன்னிச்சுக்கங்க சேர்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறாள்!

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பிள்ளை வீட்டை விட்டுப் போன அதே கிழமையில், சந்தித் தேநீர்க் கடையில் அந்தக் கதையை மூன்று பேருக்குச் சொன்னவன் நான். கண் மூக்கு வைத்து, ரசித்து ரசித்து. சளியைப் பற்றி எனக்கிருந்த வெட்கம் இதற்கு முன்னால் எந்த மூலைக்கு?

ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"சேச்சே... நான் அப்படிப்பட்ட ஆளா தங்கச்சி?" என்றேன்.

இரண்டு வருடத்தில் முதல் தடவையாக, ஒரு செருமல்கூட இல்லாமல் ஒரு வசனம் என் தொண்டையைத் தாண்டி வந்தது.