தொய்ந்த கட்டம்

இரத்த நோயுள்ள பிள்ளைகளுக்கு உதவும் சங்கத்தின் சுவரில் அந்தக் கட்டில் விரிப்பு தொங்கியது. வாங்கியவர் சங்கத்துக்கே கொடுத்துவிட்டாராம்.

யுத்தம் முடிந்த மறுவருடம், சங்கத்துக்குக் காசு சேர்க்கக் கற்பிட்டியில் எங்கள் தெருப் பெண்கள் ஆளுக்குச் சில கட்டங்கள் நூலால் பின்னி இணைத்த விரிப்பு அது. உம்மா நூலை இழுத்திழுத்துப் பின்னுவார். அவருடைய கட்டங்கள் மட்டும் சிறுத்து, பலகைபோல் விறைத்திருக்கும். தம்பிக்கும் அந்த நோய்தான். அவன் மவுத்தாகி, அடக்கம் முடிந்த நாலாம் நாள் உம்மா மறுபடி ஊசியை எடுத்தார். அந்தக் கட்டம் வலைபோலத் தொய்ந்து வந்தது.

“இது தொய்ஞ்சிருக்கு புள்ள. அவுத்துப் பின்னுவமா?” என்று பக்கத்து வீட்டு மாமி மெதுவாகக் கேட்டார்.

“வாணாம் ராத்தா,” என்றார் உம்மா. “இறுக்கிப் பிடிச்சும் அவன் நிக்கல்லியே.”

இன்று அந்தக் கட்டத்துக்குள் என் சுண்டுவிரல் நுழைந்தது. உம்மாவின் மற்றக் கட்டங்கள் எதற்குள்ளும் நுழையவில்லை.