நீல நாக்கு

சிவகாசி அச்சகத்தில் இயந்திரம் ஓடத் தயாராக நிற்கிறது. குடும்பங்களுக்கும் ஊர்களுக்கும் சின்னம் வகுத்துக் கொடுப்பதையே ஆயுள் முழுக்க வேலையாகச் செய்த ஓர் ஆங்கிலேய அதிகாரியின் வாழ்க்கை வரலாறு அச்சாகப்போகிறது. அட்டையின் நிறத்தைச் சரிபார்க்கச் சென்னையிலிருந்து வந்திருக்கிறேன். அட்டையில் அவருடைய சொந்தச் சின்னம்: நீல நாக்கு நீட்டி, பின்கால்களில் நிமிர்ந்து நிற்கும் சிவப்புச் சிங்கம். மாதிரித் தாளில் நாக்கும் சிவப்பாக இருக்கிறது.

"நீல நாக்குன்னா வெசம் குடிச்ச மாதிரில்லா இருக்கு? அதான் மாத்திட்டேன்," என்கிறார் வடிவமைப்பாளர் மாரியப்பன்.

"சிவப்புச் சிங்கத்துக்கு நீல நாக்குதாண்ணே விதி. அந்த விதியைக் காப்பாத்துறதுதான் அவர் வேலையே. இப்படியே அடிச்சா, இந்தப் புத்தகத்தைப் போடுற அவர் மகள் மொத்தத்தையும் திருப்பி அனுப்பிடுவாங்க."

"நம்ம வெடி லேபிள் கணக்குத்தான்னு சொல்லுங்க. கிளி மூக்குல கலர் மாறுனாக்கூட கம்பெனிக்காரக சண்டைக்கு வந்துருவாக."

மாரியப்பன் அச்சுப் பிளேட்டை மாற்றச் சொல்கிறார். புதிய தாள் நீல நாக்குடன் வருகிறது. அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார்.

"வெசம் குடிச்சாலும் நிமிந்துதான் நிக்காரு."