வெளியே போக வேண்டியவர்

"பொம்பளைங்களுக்கு டிக்கெட்டு சும்மாங்கறதுக்காவ பஸ்ஸை நிறுத்த மாட்டீங்களா, ரீ?" என்று நடத்துநரிடம் சண்டை போட்டுக்கொண்டேதான் அஞ்சலை ஏறுவார். பாதி தமிழ், பாதி கன்னடம். என் பக்கத்தில் இடம் பிடித்ததும் மடியில் பூண்டைக் கொட்டி உரிக்கத் தொடங்கிவிடுவார். ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலை கேண்டீனில் சமையல் வேலை. சாம்பாரை வாயில் வைக்க மாட்டார், மோந்து பார்த்தே "உப்பு பத்தலைங்க்கா" என்பார். சூப்பர்வைசருக்கே அவரிடம் கொஞ்சம் பயம்தான்.

இந்த வாய்க்காரி வீட்டில் அடி வாங்குகிறார் என்று தெரிந்த அன்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கணவன் மாதப்பன் குடித்துவிட்டு அடிப்பான். அவர்கள் ஊரான ஹனூர்ப் பக்கம் வழக்கம் என்னவென்றால், அடித்தவன் வீட்டிலேயே இருப்பான், அடிபட்டவள் தாய்வீட்டுக்குப் பஸ் ஏற வேண்டும். பிறகு பெரியவர்கள் 'ராஜி' என்று சமாதானம் பேசித் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். இந்த அலைச்சலில் மகள் மனிஷாவின் படிப்பு பாதி பாழ்.

போன வருடம், குடும்ப வன்முறைப் புகார்களைக் கவனிக்கும் பாதுகாப்பு அதிகாரியிடம் அவரைக் கூட்டிப் போனேன். "ஊருக்கே போயர்றேனுங்க, பாப்பாவுக்கு அங்க ஒரு பள்ளிக்கூடம் மட்டும் பாத்துக் குடுங்க" என்றார் அஞ்சலை.

"நீங்க எதுக்கம்மா போகணும்? அவர வெளிய அனுப்பச் சொல்லிக் கேக்கலாம்" என்றார் அதிகாரி.

"வாடகைச் சீட்டு அவரு பேர்ல இல்லீங்களா இருக்குது?"

"யார் பேர்ல இருந்தா என்ன? நீங்க குடியிருக்கிற வீடு."

திரும்பும் வழியெல்லாம் அஞ்சலை நம்பவில்லை. கட்டின ஆம்பளையை வெளியே அனுப்பச் சட்டமா? கோர்ட்டுக்குப் பல மாதம் நடந்த பிறகு உத்தரவு வந்தது. மாதப்பன் வீட்டை விட்டுப் போக வேண்டும், கேண்டீன் பக்கமும் வரக்கூடாது, மீறினால் கைது. போலீஸ்காரர் முன்னால் அவன் துணிமணியோடு இறங்கிப் போனதைப் பார்த்தபோது எனக்கே நெஞ்சு லேசானது.

போன ஞாயிறு மதியம் நான் அஞ்சலை வீட்டில் இருந்தபோது, ஊரிலிருந்து குப்புசாமி மாமா ராஜி பேச வந்தார்.

"புருசன வெளிய நிறுத்தினா நாலு பேரு என்ன பேசுவாங்க? நீ கொஞ்ச நாளைக்கு அம்மா வூட்ல போய் இரு புள்ள. நான் பேசி முடிச்சர்றேன்."

"நான் எங்கீமு போறதில்லைங் மாமா" என்று சொல்லி அவருக்குக் காபி கொடுத்தார் அஞ்சலை.

மாமா விடுவதாக இல்லை. குலம், மானம், மரியாதை என்று நீட்டிக்கொண்டே போனார். அஞ்சலை சுவரோரமாகப் பாயை விரித்துக் காலை நீட்டிப் படுத்தார். தெருக்கதவு அகலத் திறந்து கிடந்தது. மாமா அடுத்த பேச்சை எடுப்பதற்குள் அஞ்சலையின் குறட்டை கேட்டது.