லண்டன் போத்தலில் இருந்த குளிசை

“…அதுவும் லண்டன் சாமான். நல்லது எண்டால் உங்களுக்கு மட்டுமே தம்பி? முந்தநாள் ஒண்டு, நேற்று ஒண்டு எடுத்துப் போட்டனான். முழங்கால் இப்ப எவ்வளவு லேசாக் கிடக்குது தெரியுமே?”

வெள்ளவத்தையில் எனக்கு அறை தந்திருந்த அன்ரி இதைச் சொன்னபோது நான் காலைத் தேநீரை வாயில் வைத்திருந்தேன். அவருடைய முழங்காலை லேசாக்கியது எச்.ஐ.வி.க்கு நான் போடும் குளிசை. கிளினிக்கில் எந்த டொக்டருக்கும் தெரியாத ஒரு குணம் அதற்கு இருந்திருக்கிறது.

எல்லாம் அந்தப் போத்தலால் வந்தது. கிளினிக் தந்த போத்தலில் உள்ள மருந்தின் பெயரை யாராவது வாசித்துவிடுவார்கள் என்று, ஒன்றுவிட்ட அண்ணன் லண்டனிலிருந்து அனுப்பிய விற்றமின் போத்தலுக்குள் குளிசைகளை மாற்றியிருந்தேன். தந்த போத்தலிலேயே வைத்திருக்க வேண்டும், வேறு ஒருவரும் எடுக்கக்கூடாது என்று நேர்ஸ் படித்துப் படித்துச் சொன்னவர்தான். நான் நேர்ஸை விடக் கெட்டிக்காரன். வெள்ளவத்தையில் வெளிநாட்டுப் போத்தலுக்குக் கிடைக்கிற மரியாதை வெளிநாட்டு மருமகனுக்கும் கிடைக்காது என்பது மட்டும் அந்தக் கெட்டித்தனத்துக்கு எட்டவில்லை. வெறும் போத்தலைக்கூடக் கழுவி, மிளகாய்த்தூளை நிரப்பி, இங்கிலீஷ் எழுத்து வெளியே தெரியத் திருப்பி வைக்கிற ஊர் இது.

“அன்ரி, இனி அதைப் போடாதேங்கோ.”

“ஏன், குறைஞ்சு போமோ? தெஹிவளையில தங்கச்சிக்கும் இடுப்பு நோ. அவவுக்கும் நாலு எடுத்து வைச்சிருக்கிறன்.”

எனக்குக் கிளினிக்கில் தருவது எண்ணித் தருகிற குளிசை. குறைந்துபோய் விட்டுவிட்டுப் போட்டால் கிருமி மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து அதற்குக் கேளாது. அன்ரியோ ஏற்கெனவே பிரஷருக்கும் நெஞ்சுக்கும் குளிசை போடுகிறவர். எங்கள் மருந்தில் சிலருக்கு உடம்பெல்லாம் தடித்துப்போகும், ஈரலையும் தாக்கும் என்று டொக்டர் என்னையே வெருட்டி வைத்திருந்தார். பேசாமலிருந்தால் இன்றைக்கு மூன்றாவதையும் விழுங்குவார். சொன்னால் என் அறை போகும். வடக்கில் சண்டை நடந்த நாட்கள் அவை. வீட்டுக்காரர் பொலிஸில் பதிந்து கொடுக்காத யாழ்ப்பாணத்து ஆளுக்குக் கொழும்பில் ஓர் அறைதான் உடனே கிடைக்கும். அதற்கு வாடகை இல்லை, கம்பி இருக்கும்.

சொன்னேன். எய்ட்ஸ் என்று பேப்பரில் போடுகிறார்களே, அந்தக் கிருமிக்கான குளிசை என்று சொன்னேன்.

அன்ரி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“நீங்களோ? வெள்ளிக்கிழமையில மீன் மச்சம்கூடத் தொடமாட்டியள்.”

“கிருமி அதெல்லாம் பாக்கிறேல்லை அன்ரி.”

“குளிசையால எனக்கும் அது வந்திடுமோ?”

“வராது. ஆனா உங்கட குளிசையளோட சேந்தால் என்ன செய்யுமெண்டு எனக்குத் தெரியாது. இண்டைக்கே ஒரு டொக்டரிட்டச் சொல்லவேணும்.”

“நீங்கள் குடிச்ச கோப்பையில நான் குடிச்சிருந்தால்?”

“வராது.”

“பாத்ரூம்?”

“வராது.”

“நுளம்பு கடிச்சால்?”

“அதாலயும் வராது.”

“அப்ப என்னண்டுதான் அது வாறது?”

நான் வாயைத் திறந்தேன்.

“வேண்டாம், வேண்டாம். சொல்லாதேங்கோ.”

எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அலுமாரி திறக்கிற சத்தம் கேட்டது. நான் மனதுக்குள் மூட்டை கட்டத் தொடங்கினேன். கொட்டாஞ்சேனையில், துறைமுகத்தில் வேலைசெய்கிற ஒரு கூட்டாளி இருந்தான். ‘எப்ப வேணுமெண்டாலும் வா மச்சான்’ என்பான். அவனுடைய அறையில் ஏற்கெனவே முறை வைத்துத்தான் படுக்கிறார்கள். அங்கே போய் இந்தக் கதையையும் சொன்னால் படுக்க நிறைய இடம் கிடைக்கும்.

கதவு திறந்தது. அன்ரி கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் நின்றார், கையில் குடை. தங்கச்சிக்கென்று எடுத்த நாலு குளிசையையும் ஒரு கடதாசியில் சுற்றி மேசையில் வைத்தார்.

“உங்கட கிளினிக்குக்கே போவம். அங்க எண்டால் இந்தக் குளிசையை அவைக்குத் தெரியும். எங்கட டொக்டரிட்டப் போனால் பின்னேரத்துக்கிடையில வெள்ளவத்தை முழுக்கத் தெரிஞ்சிடும்.”

“சரி அன்ரி.”

“ஒண்டு மட்டும். வழியில என்னோட கதைக்கக்கூடாது. நீங்கள் ஆரோ, நான் ஆரோ.”

வெயிலே இல்லாத காலையில் குடையைக் கண் வரை இறக்கிப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தார். பஸ் தரிப்பிடத்தில் அவர் புடவைக் கடை வாசலில் நிற்க, நான் லொத்தர்ச் சீட்டு விற்கிற பெட்டிக்குப் பக்கத்தில் போய் ஆரோவாக நின்றேன். பஸ் வந்ததும் அவர் முன்கதவால் ஏறினார், நான் பின்கதவால் ஏறினேன். அவர் முன் சீற்றில் இருந்தபடி ஒருமுறையும் தலையைத் திருப்பவில்லை. கொண்டக்டர் அவரிடம் வந்து கையை நீட்டினான்.

அன்ரி முகத்தை யன்னல் பக்கமாகவே வைத்துக்கொண்டு, குடை நுனியைத் தோளுக்கு மேலால் பின்பக்கம் என்னை நோக்கி நீட்டினார். சிங்களத்தில் “தெகய்”, இரண்டு, என்று சொல்லி, இரண்டு பேருக்கும் ரிக்கெட் எடுத்தார்.