ஜோடி மாற்றி மடித்தபோது

"இழுக்காதீங்க, நான் இன்னும் முனையே பிடிக்கல!" என்று கத்தினாள் இஸ்திரிக்காரி.

அதற்குள் மூத்தவள் வெடுக்கென்று இழுத்துவிட்டாள். படுக்கை விரிப்பு தரையில் விழுந்தது. மறுபடி உதறி, மறுபடி மடித்தார்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இருவரும் மடித்தது அறுபது.

தங்கும் விடுதியின் சலவை அறையில் மூன்றே பெண்கள்: மூத்தவள், அவள் கொழுந்தன் மனைவியான ஓரகத்தி, இஸ்திரிக்காரி. ஒருத்தியைத் தலைவியாகப் போடப்போகிறார்கள். தனக்குத்தான் என்று மூத்தவள் இருந்தாள். வாய் ஓயாத ஓரகத்தியின் பேரும் அடிபட்டதும் வயிறு எரிந்தது. "யார் எவ்வளவு மடிக்கிறோம்னு எண்ணிப் பாருங்க சார்" என்று மேலாளரிடம் அவளேதான் போய்ச் சொன்னாள்.

அவர் ஒவ்வொருவரையும் ஒரு மணி நேரம் தனித்தனியாக மடிக்கவிட்டு எண்ணினார். மூத்தவள் நாற்பது, இஸ்திரிக்காரி முப்பது, ஓரகத்தி இருபத்தைந்து. மூத்தவளுக்கு உச்சி குளிர்ந்தது. அவரோ அதோடு விடாமல் ஜோடி மாற்றி நிறுத்தினார். மூத்தவளும் இஸ்திரிக்காரியும் மடித்ததுதான் அந்த அறுபது. ஓரகத்தியும் இஸ்திரிக்காரியும் எண்பத்தைந்து மடித்தார்கள்.

மிச்சம் இருந்தது ஓரகத்தியோடு தன் முறை. கையை மெதுவாக ஓட்டி அவள் வண்டவாளத்தைத் தண்டவாளத்தில் ஏற்றிவிட வேண்டும் என்றுதான் மூத்தவள் போய் நின்றாள்.

"அக்கா, உங்க கொழுந்தன் ராத்திரி இந்த மாதிரி விரிப்புல முக்காவாசியச் சுத்திக்கிட்டு உருண்டுடறாரு. எனக்குக் கால் விரல் மூடத்தான் மிச்சம்."

"அவங்க அண்ணன் மட்டும் என்னவாம்? எனக்கு அதுவும் கிடையாது" என்று சொல்லிவிட்டாள் மூத்தவள். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கை தன்பாட்டில் ஓடியது. மணி அடித்தபோது தொண்ணூறு.

கடைசியில் மூவரையும் சேர்த்து நிறுத்தினார். நூற்று முப்பது.

"நீங்க விலகினா நூத்தி முப்பது எண்பத்தஞ்சாகுது. உங்க ஓரகத்தி விலகினா அறுபதுதாம்மா" என்றார் மேலாளர் மூத்தவளிடம்.

"அவ சும்மா பேசிக்கிட்டே நிக்கிறா சார்."

"பேசட்டுமே. யார் பக்கத்துல போய் நின்னாலும் அங்க கூடுது. நீங்க தனியா மடிச்சா நாற்பது, அவங்களோட தொண்ணூறு."

மெதுவாக மடிக்கத்தான் போனேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

மறுநாள் மூத்தவள் வழக்கமான நேரத்துக்கு வந்தாள். தலைவி வைத்திருக்க வேண்டிய அலமாரிச் சாவி ஓரகத்தியின் இடுப்பில் இருந்தது. துவைக்கும் இயந்திரம் ஒன்று பழுது. காலையில் வேலை குறைவு. மதியத்துக்கு மேல் மூத்தவளும் ஓரகத்தியும் ஒரே விரிப்பைப் பிடித்து எதிரெதிரே நின்றார்கள். ஓரகத்தி ஏதோ சொன்னாள். இஸ்திரிக்காரி சிரித்தாள். சாயங்காலத்துக்குள் எல்லாம் மடித்து முடிந்தது.